மரம் சுருங்குதுங்க டீச்சர்

கட்டில் காலான்னா கேட்ட? இவ்வளவு குட்டையா கால் வெச்சா அந்தக் கட்டில்ல யார் படுக்கறது, பூனையா? இல்ல அம்மிணி, உன்னையச் சொல்லல. கண்காட்சிக்கு வர்ற படிச்ச ஜனங்களே பூரிக்கட்டையான்னு கேட்டிருக்காங்க. ஒருத்தர், பெரிய கம்பெனியில அதிகாரியாம், இதைக் கையில எடுத்து தோள்பட்டையில ரெண்டு தட்டு தட்டிட்டு, "ஆன்ட்டி, இது முதுகு வலிக்கா"ன்னாரு. எங்கூட இருந்த எஸ்தர்தான் சிரிச்சுக்கிட்டே விளக்கினா. எவன் வந்து என்ன உளறினாலும் சிரிச்சுக்கிட்டே விளக்கறதுக்குன்னு பொறந்தவ அவ.

இது மிளகு அரைக்கிற மில்லு. உள்ளே முழு மிளகைப் போட்டு இந்தத் தலையைத் திருகினா கீழே தூளா விழும். வெளியில இருக்கிற மரம் எம்பட கைவேலை. உள்ளே ஒரு தண்டு, தண்டோட அடியில ரெண்டு பல்லுச் சக்கரம், ஒன்னுக்குள்ள ஒன்னு. அரைக்கிறது அதுதான். அந்தப் பல்லுக்காகத்தான் நான் பட்ட பாடெல்லாம். நீ இந்த பஸ்ல மதுரையில ஏறின, நான் கோயமுத்தூர்லேருந்து வர்றேன். திருநெல்வேலிக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்குது. கேக்கறியா? சரி, காதுல இருக்கிற அந்த ஒயரை எடுத்துட்டுக் கேளு. பாதிக் காதுல கேக்கறவங்களுக்கு நான் பாடம் எடுக்கறதில்ல.

எம்பட பேரு கருணாம்பிகை. கோத்தகிரியில ஒரு பொண்ணுங்க ஸ்கூல்ல முப்பத்திரெண்டு வருஷம் பிசிக்ஸ் எடுத்தேன். பேருல மட்டும்தான் கருணைன்னு பாத்ரூம் சுவத்துல எழுதி வெச்சிருந்தாளுக, அதுலயும் எழுத்துப் பிழை. ரிட்டயர் ஆனதும் மத்த டீச்சர்மாரெல்லாம் காசிக்குப் போனாங்க, அமெரிக்காவுக்குப் பேரப்பிள்ளை குளிப்பாட்டப் போனாங்க. நான் ஒரு மரக் கடைசல் லேத் வாங்கினேன். யாருகிட்டயும் போய்க் கத்துக்கல. எதுக்குக் கத்துக்கணும்? சுத்தற வேகம், உளி புடிக்கிற கோணம், எல்லாம் பிசிக்ஸ்தான. கோத்தகிரியில மிளகுக்கும் பஞ்சமில்ல, மரத்துக்கும் பஞ்சமில்ல. எஸ்டேட்ல சில்வர் ஓக் வெட்டின அன்னைக்கே எனக்கு ஆள் கொண்டாந்து போட்டுருவான். அடுத்த வாரமே அது மில்லாயிரும். அவ்வளவு சுறுசுறுப்பு நான்.

எஸ்தர் அதே ஸ்கூல்ல தையல் டீச்சர். திருநெல்வேலிப் பக்கம் நாசரேத்துக்காரி. அவளுக்கும் கல்யாணம் இல்ல, எனக்கும் இல்ல. ஒரு மழைக்கு அவ குடியிருந்த ரூம் ஒழுகுச்சு, ரெண்டு நாள் இருந்துக்கறேன்னு பெட்டியோட எம்பட வீட்டுக்கு வந்தா. அந்த ரெண்டு நாள்தான் இருபத்திரெண்டு வருஷம். என்னைய இன்னைக்கு வரைக்கும் டீச்சர்னுதான் கூப்பிடுவா. நான் செய்யறது மில்லு, அதை ஊர் ஊரா எடுத்துட்டுப் போய் விக்கறது அவ. எனக்கு ஜனங்ககிட்டப் பேசப் புடிக்காது. அறிவு குறைஞ்சவங்ககிட்ட நிதானமாப் பேசறது எஸ்தருக்குக் கை வந்த கலை.

இப்பப் பல்லுக்கு வர்றேன்.

மொதல்ல டெல்லியில ஒரு வியாபாரி. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னு சொல்லி ஒரு பெட்டி நிறைய அனுப்பினான். பளபளன்னு இருந்துச்சு. பளபளப்பா இருக்கறதை நான் நம்பறதில்ல. ஒன்னை எடுத்து உப்புத் தண்ணியில போட்டு வெச்சேன். மூணாம் நாள் தண்ணி டீ நிறத்துல நின்னுச்சு. எழுதிக் கேட்டா, "மேடம், இது மிளகு அரைக்க, உப்புத் தண்ணியில ஊறப் போட அல்ல"ன்னு பதில் எழுதறான். கோத்தகிரி மூடுபனியில ஒரு மாசம் இருந்து பார்த்தா அவனே துருப் புடிச்சிருவான்.

பொறகு பெங்களூர். பீங்கான்ல பல்லு. கடை ஏசியில குளுகுளுன்னு, விக்கறவன் கழுத்துல டை. "இது எவ்வளவு கடினம்?"னு கேட்டேன். "வெரி ஹார்ட் மேடம்"னான். எவ்வளவுன்னு கேட்டேன். "வெரி வெரி ஹார்ட்"னான். அவனுக்கு பிசிக்ஸ் எடுத்தது யாருன்னு தெரிஞ்சா அந்தம்மாவைப் போய்ப் பார்த்து ரெண்டு வார்த்தை கேட்டிருப்பேன். அந்தப் பல்லு மிளகை வெட்டல, நசுக்குச்சு. நசுக்கினா வாசம் போயிரும். பல்லைச் சுத்தி இருந்த பிளாஸ்டிக் வளையம் ஒன்னொன்னா விரிசல் விட்டுச்சு.

அப்புறம் குஜராத்துலேருந்து ஒருத்தன். மாதிரிக்குன்னு அனுப்பினது பொண்ணு பார்க்க வர்ற அன்னைக்குக் கட்டின பட்டு மாதிரி இருந்துச்சு. மொத்தமா வந்தது அடுத்த நாள் வீட்டுல போடற நைட்டி. மேல் பல்லும் கீழ் பல்லும் சேரவே இல்ல. திருகினா முழு மிளகு அப்படியே கீழ விழுது. அதுக்கு மில்லு எதுக்கு, கைவிரல் போதாதா?

இவனுக தப்பு ஒரு பக்கம்னா, வாங்கறவங்க இன்னொரு பக்கம். மிளகு மில்லுல கல்லுப்பைப் போட்டு அரைக்கிறது. ஏலக்காய் போடறது. திருப்பூர்ல ஒரு அம்மா வரமிளகாயைத் திணிச்சு வெச்சுட்டு, சுத்த மாட்டேங்குதுன்னு போன் பண்றாங்க. எஸ்தர் முக்கால் மணி நேரம் அந்தம்மாகிட்டப் பேசி, கம்பியை வெச்சு எப்படிச் சுத்தம் பண்றதுன்னு சொல்லிக் குடுத்து, கடைசியில அந்தம்மா பொண்ணோட கல்யாணத்துக்கே போயிட்டு வந்தா. இதுதான் அவ வியாபாரம் பண்ற லட்சணம்.

ஜோதிமணியைக் கண்டுபுடிச்சதும் அவதான். எஸ்தரோட தையல் மெஷினுக்கு ஏதோ ஒரு சாமான் கிடைக்கல, கம்பெனி செய்யறதை நிறுத்திருச்சு. கோயமுத்தூர்ல கணபதிங்கற ஏரியாவுல ஒரு பட்டறை இருக்கு, எதைக் காட்டினாலும் கடைஞ்சு குடுத்துருவாங்கன்னு யாரோ சொல்லி, போய் வாங்கிட்டு வந்துட்டா. "டீச்சர், அந்தப் பிள்ளைகிட்ட நம்ம பல்லையும் காட்டுவமா?"ன்னா. பிள்ளைன்னதும் யாரோ இஞ்சினீயரிங் படிச்ச பையன்னு நினைச்சு நானும் போனேன்.

போனா, புடவைக்கு மேல ஆம்பளைச் சட்டை, தலையில துண்டைக் கட்டிக்கிட்டு ஒருத்தி லேத்துல நிக்கறா. நாப்பது வயசு இருக்கும்.

"முதலாளி இல்லையா?"ன்னேன்.

"நான்தானுங்க."

"என்ன படிச்சிருக்க?"

"எட்டாவதுங்க. பம்பு கம்பெனியில பதினஞ்சு வருசம் லேத்துல இருந்தனுங்க."

எஸ்தரை ஒரு பார்வை பார்த்தேன். அவ வேற பக்கம் திரும்பிக்கிட்டா. சரி, வந்தது வந்தாச்சுன்னு நான் படம் போட்டுக் காட்டினேன். பல்லோட சாய்வு எத்தனை டிகிரி, இடைவெளி எவ்வளவு, விசை எங்கே வருது, எல்லாம். ஒரு மணி நேரம். அவ கேட்டுக்கிட்டே இருந்தவ, என்ன பண்ணினா தெரியுமா, எம்பட பையிலேருந்து ஒரு மிளகை எடுத்து வாயில போட்டா. முன்பல்லால கடிச்சு, துப்பி, உள்ளங்கையில வெச்சுப் பார்த்தா. இன்னொன்னை எடுத்துக் கடவாப் பல்லால கடிச்சா.

"முன்னாடி கடிச்சா ரெண்டாப் பொளக்குதுங்க, பின்னாடி கடிச்சாத்தான் மசியுது. ரெண்டு வகைப் பல்லும் வேணுமுங்க டீச்சர். மேல பெருசு, கீழ சிறுசு."

இதைத்தான நான் ஒரு மணி நேரமாச் சொல்லிட்டிருக்கேன்? எச்சில் பண்ணித்தான் புரிஞ்சுக்கணுமா? ஆனாலும் ரெண்டு வாரத்துல செஞ்சு குடுத்தா. நல்லாத்தான் இருந்துச்சு. சொல்லணும்ல, நியாயம்னு ஒன்னு இருக்குது. எஃகை வெட்டி, சூடு ஏத்தி, எண்ணெயில முக்கி எடுத்திருந்தா. திருகினா கரகரன்னு ஒரே சீரா, கையில ஒரு நடுக்கம் இல்லாம, தூள் விழுந்துச்சு. எம்பட படம் அவ்வளவு தெளிவா இருந்திருக்கு.

அப்படியே அம்பது மில்லு செஞ்சோம். வித்தும் போச்சு. மூணாம் மாசம் ஒவ்வொன்னாத் திரும்பி வருது. இறுகிப் போச்சு, சுத்தலன்னு. சென்னையிலேருந்து, ஈரோட்டுலேருந்து, திருப்பூர்லேருந்து. கோத்தகிரியில வாங்கினவங்க ஒருத்தரும் குறை சொல்லல. பாரு, மலைக்காரங்களுக்கு ஒரு சாமானைப் பக்குவமா வெச்சுக்கத் தெரியுது, கீழ இருக்கிறவங்களுக்குத் தெரியல. நான் எஸ்தர்கிட்டச் சொன்னேன், "உம்பட ஜோதிமணியோட வேலை இதுதான். மொதல் பத்து ஒழுங்காச் செஞ்சிருக்கா, அப்புறம் கை அசந்துட்டா."

திரும்பி வந்ததையெல்லாம் ஒரு சாக்குல கட்டிக்கிட்டு ரெண்டு பேரும் போனோம். மேசையில கொட்டினேன். அவ கோபப்படல, வருத்தப்படவும் இல்ல. ஒன்னைப் பிரிச்சுப் பல்லைத் தனியா எடுத்தா. மரத்தைத் திருப்பி வெச்சு, துளைக்குள்ள அளவு பார்க்கற டயல் கேஜ் ஒன்னை விட்டு மெதுவாச் சுத்தினா. முள்ளு ஆடுச்சு. இன்னொன்னை எடுத்தா. அதுலயும் ஆடுச்சு. ஏழெட்டு மரத்தை அப்படிப் பார்த்தா.

"டீச்சர், பல்லு சரியாத்தான் இருக்குதுங்க. மரம் சுருங்குதுங்க டீச்சர். நீங்க துளை போட்டப்ப வட்டமா இருந்திருக்கும். இப்ப முட்டையாட்டம் ஆயிப்போச்சு. அதான் தண்டு கவ்வுது. பச்சை மரமுங்களா?"

யாருகிட்டக் கேக்கறா பாரு. வெப்பத்துல பொருள் விரியும், குளிர்ல சுருங்கும்னு முப்பத்திரெண்டு வருஷம் பாடம் நடத்தினவ நான். எட்டாவது படிச்சுட்டு ஒரு முள்ளு ஆடறதைக் காட்டி எனக்குச் சுருங்கறதைப் பத்திச் சொல்றா. நான் கேட்டேன், "கோயமுத்தூர் கோத்தகிரியை விட வெப்பம்தான? அப்ப விரியணும்ல? எப்படிச் சுருங்கும்?" "அது தெரியலீங்க டீச்சர், ஈரம் போனா மரம் சுருங்குமுங்க, துணி மாதிரி"ன்னா. துணி மாதிரியாம். நான் சாக்கைக் கட்டிட்டு எழுந்துட்டேன்.

திரும்பி வர்ற பஸ்ல, மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறும்போது எஸ்தர், "டீச்சர், மரத்தை ஒரு ஆறு மாசம் காயப் போட்டா என்ன?"ன்னு கேட்டா. நான் சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். அந்த வாரம் முழுக்க அவகிட்டப் பேசல. அது எம்பட பழக்கம். ஒருத்தர் தப்புப் பண்ணினா நான் திட்ட மாட்டேன், பேச்சை நிறுத்திக்குவேன். அவங்களே யோசிச்சுத் திருந்தட்டும்னு. கிளாஸ்லயும் அப்படித்தான்.

அப்புறம் உக்காந்து ஜோதிமணிக்கு ஒரு கடிதம் எழுதினேன். சிவப்பு மையில. பல்லை எப்படி எப்படி மாத்தணும், எங்கே அரை நூல் அளவு குறைக்கணும்னு ஒன்னு விடாம, நாலு பக்கம். எஸ்தர்கிட்டக் குடுத்து அனுப்பினேன். நீ நம்ப மாட்டே அம்மிணி, அதுக்கப்புறம் ஒரு மில்லு திரும்பி வரல. மாசியிலேருந்து ஐப்பசி வரைக்கும், எட்டு மாசம், ஒன்னே ஒன்னு கூட வரல. ஒரு சிவப்பு மைக் கடிதம் என்ன வேலை செய்யும்னு பாரு.

அந்த எட்டு மாசம் நல்லா இருந்துச்சு. மறைக்கறதுக்கு என்ன இருக்கு. காலையில லேத்துல நிப்பேன், மத்தியானம் ரெண்டு பேரும் வாசப்படியில உக்காந்து மெழுகு தேய்ப்போம். சாயங்காலம் எஸ்தர் போன்ல வந்த பாராட்டையெல்லாம் படிச்சுக் காட்டுவா. பாண்டிச்சேரியில ஒரு ஓட்டல்காரர், "இப்படி ஒரு மில்லை நான் கையில புடிச்சதில்ல"ன்னு எழுதியிருந்தாரு. நான், "சரி சரி, அடுத்ததைப் படி"ம்பேன். வேணும்னே அவ அதையே திருப்பிப் படிப்பா. பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை செஞ்ச மில்லையெல்லாம் பையில போட்டுக்கிட்டுக் கோயமுத்தூர் கிளம்பிருவா, அங்கிருந்துதான் பார்சல் அனுப்பணும்னு. பார்சல் கோத்தகிரியிலேருந்தும் போகும்னு எனக்குத் தெரியாதா? அவளுக்குக் கடை கண்ணி பார்க்க ஆசை போலன்னு விட்டுட்டேன்.

ஐப்பசியில எனக்குக் கண்ணுல புரை பார்க்கக் கோயமுத்தூர் வர வேண்டியிருந்துச்சு. பார்த்து முடிச்சதும் நேரம் இருந்துச்சு. சரி, அந்த ஜோதிமணியை ஒரு எட்டுப் பார்த்து, பரவால்ல, சொன்னதைக் கேட்டு ஒழுங்காச் செய்யறன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வரலாம்னு பட்டறைக்குப் போனேன். யாரையும் பாராட்டாதவன்னு நினைச்சுக்காதே.

உள்ளே போனா, பல்லுக்குச் சூடு ஏத்தற உலை இருக்குதுல்ல, அதுக்கு மேல ஒரு கம்பி அலமாரி. அதுல வரிசையா எம்பட மில்லு. தலை தனி, உடம்பு தனி. ஒவ்வொன்னுலயும் ஒரு துண்டுச் சீட்டு, எஸ்தர் கையெழுத்துல தேதி. ஜோதிமணி ஒன்னை லேத்துல மாட்டி, நான் போட்ட துளையைத் திருப்பிக் கடைஞ்சுக்கிட்டு இருக்கா. மரத்தூள் பறக்குது.

என்னையப் பார்த்ததும் மெஷினை நிறுத்திட்டா.

"எஸ்தர் டீச்சர் சொல்லலீங்களா?"ன்னா.

"எத்தனை நாளா?"

"மாசியிலேருந்துங்க. மூணு வாரம் உலை மேல காய வெச்சுட்டு, சுருங்கினதுக்கு அப்புறம் துளையை நேர் பண்ணி மாட்டறமுங்க. உங்களுக்குத் தெரியுமுன்னு நினைச்சனுங்க."

"எம்பட கடிதம்?"

அவ அலமாரியைப் பார்த்தா. நானும் பார்த்தேன். மில்லு உருண்டு விழாம இருக்க அலமாரியில விரிச்சிருந்த காகிதத்துல சிவப்பு மை தெரிஞ்சுச்சு.

அலமாரியில இருந்த பன்னெண்டு மில்லையும் எடுத்து முந்தானையில கட்டிக்கிட்டேன். அவ, "டீச்சர், இன்னும் காயலீங்க"ன்னா. அப்பவும் அதைத்தான் சொல்றா. பஸ்ல கோத்தகிரி வர்ற வரைக்கும் மடியில கனமா இருந்துச்சு, சூடாவும் இருந்துச்சு.

வீட்டுக்கு வந்தா எஸ்தர் சட்டைக்குக் காஜா எடுத்துக்கிட்டு உக்காந்திருக்கா. மடியை அவிழ்த்து அவ முன்னாடி கொட்டினேன். ஒன்னு உருண்டு அவ காலடியில போய் நின்னுச்சு. அவ ஊசியைக் குத்தி வெச்சுட்டு அதை எடுத்துத் துடைச்சா.

"எட்டு மாசம், எஸ்தர்"னேன். "எட்டு மாசமா நான் செஞ்ச ஒரு மில்லு கூட நான் செஞ்ச மாதிரி வெளியில போகல."

"போயிருந்தா அத்தனையும் திரும்பி வந்திருக்கும் டீச்சர்"ன்னா.

"அதை எங்கிட்டச் சொல்லியிருக்கணும்."

"எத்தன மட்டம் சொல்லுதது? பஸ்ல சொன்னேன், ஒரு வாரம் பேசாம இருந்தீய. அதுக்கு முன்னால ஒரு தரம் தோசைக்கல்லப் பத்திச் சொன்னேன், பத்து நாளு. நீங்க பேசாத வீட்டுல என்னால இருக்க முடியல பாத்துக்கிடுங்க. எனக்கு வேற யாரு இருக்கா பேசுததுக்கு? அதான் மில்ல மட்டும் சரி பண்ணிக்கிடுவோம்னு செஞ்சேன். நீங்க சந்தோசமா இருந்தீய. நானும் இருந்தேன். இதுல என்ன தப்பு?"

என்ன தப்பாம். கேள்வியைப் பாரு. எம்பட பேரு போட்டு இன்னொருத்தி வேலையை வித்திருக்கா. பாண்டிச்சேரிக்காரர் பாராட்டினது யாரை? இதுகூடப் புரியாதவகிட்ட நான் என்ன பேசறது. பேச்சை நிறுத்திட்டேன்.

நாப்பது நாள். ஒரே வீடு, ஒரே அடுப்பு. அவ சோறு வெப்பா, நான் சாப்பிடுவேன். மொதல் வாரம் அவ பேசிப் பார்த்தா. ரெண்டாவது வாரம் எதையாவது எழுதி மேசையில வெப்பா. பொறகு அதுவும் இல்ல. நாப்பத்தொன்னாம் நாள் காலையில பெட்டியைக் கட்டி, தையல் மெஷினை ஆட்டோவுல ஏத்தினா. அண்ணன் மகள் வீட்டுக்கு, நாசரேத்துக்குப் போறேன்னா. வாசல்ல கொஞ்ச நேரம் நின்னா. நான் உளியைத் தீட்டிக்கிட்டு இருந்தேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை பேசிரலாம்னுதான் இருந்தேன். நிஜமாத்தான் சொல்றேன். அவதான் அவசரப்பட்டுட்டா. பொறுமைங்கறது அவளுக்குக் கிடையவே கிடையாது.

அதுக்கப்புறம் வீடு நிம்மதியாத்தான் இருக்கு. யாரும் குறுக்க பேசறதில்ல. ரேடியோவைப் போட்டு விட்டுருவேன், பாட்டுக்காக இல்ல, சும்மா ஒரு சத்தத்துக்கு. லேத்துப் பக்கம் போகல. மனசு வரல, அவ்வளவுதான். ஐப்பசியில வந்து இறங்கின மரம் கொட்டகையில அப்படியே கெடந்துச்சு. மார்கழி போச்சு, பங்குனி போச்சு, வைகாசியும் போச்சு. யாரும் சொல்லி நான் காய வெக்கல, நல்லாக் கேட்டுக்க. நான் தொடாததால அது அங்கே கெடந்துச்சு.

போன மாசம், ஆனியில ஒரு நாள் மழை விட்டு வெறிச்சப்ப, சும்மா ஒரு துண்டை எடுத்து மாட்டினேன். உளி பட்டதும் சத்தமே வேற மாதிரி இருந்துச்சு. சுருள் சுருளா வராம தூளாப் பறந்துச்சு. கைக்கு லேசா இருந்துச்சு. கடைஞ்சு, துளை போட்டு, ஜோதிமணி செஞ்ச பல்லு ஒன்னு டிராயர்ல கெடந்ததை எடுத்து மாட்டினேன். அடுப்புக்குப் பக்கத்துலயே மூணு வாரம் வெச்சிருந்தேன், வேணும்னே. தினமும் காலையில ஒரு தடவை திருகிப் பார்ப்பேன். இறுகல. திருகிப் பாரு. ம், நீயே திருகு. ஒரு பிசிறு இருக்கா? கையில ஏதாவது தடுக்குதா?

அதுதான் இது. கட்டில் கால்னு சொன்னியே.

இப்பப் புரியுதா? யாரும் திருப்பிக் கடையல. உலை மேல காய வெக்கல. நான் போட்ட துளை, நான் போட்ட மாதிரியே இருக்குது. அப்போ கோளாறு எம்பட கையில இல்லன்னு ஆயிருச்சா இல்லையா? இதை எடுத்துட்டுப் போய் எஸ்தர் முன்னாடி வெக்கப் போறேன். ஒன்னும் சொல்ல மாட்டேன். அவளே திருகிப் பார்க்கட்டும். தப்பை ஒத்துக்கிட்டு, மன்னிச்சுருங்க டீச்சர்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, பெட்டியை எடுத்துட்டு எங்கூடவே வந்துரலாம். நான் பழசை மனசுல வெச்சுக்கறவ இல்ல.

இது எந்த ஊரு? கயத்தாறா? கரண்டு எடுக்கற காத்தாடி எல்லாம் தெரியுது. அப்போ இன்னும் கொஞ்ச தூரம்தான்.

நான் வர்றேன்னு அவளுக்குத் தெரியாது. எப்படிச் சொல்றது? எட்டு மாசமா போன் பண்ணல. அவளும் பண்ணல. எம்பட நம்பரைப் பார்த்தா எடுக்க மாட்டாளோ என்னவோ. எடுக்க மாட்டாள்னு நான் சொல்லல. பண்ணிப் பார்த்ததில்ல, அதான். பண்ணி, அவ எடுக்காம விட்டுட்டா, அப்புறம் எந்த முகத்தோட போய் நிக்கறது? பண்ணாம இருந்தா அந்தக் கேள்வியே இல்ல பாரு.

அம்மிணி, உம்பட போனைச் சித்தெ குடேன். நம்பர் எனக்கு மனப்பாடம். நீயே அழுத்து, எனக்கு இந்த எழுத்து சரியாத் தெரியல. ம். எட்டு, அப்புறம் ரெண்டு... அழுத்திட்டியா? அடிக்குதா? குடு.

எஸ்தர்?

யாரா? நான்தான்.

நான்தான் எஸ்தர். ஒரு பொண்ணோட போன்லேருந்து பேசறேன். நல்ல பொண்ணு.

ஒன்னுமில்ல. சாப்பிட்டியா?

இல்ல, இங்க பஸ் சத்தம், அதான் குரல் அப்படி இருக்கு.

திருநெல்வேலிக்குப் பக்கத்துல வந்துட்டேன். நாசரேத்துக்கு எந்த பஸ் ஏறணும்? நீ வர வேண்டாம். வர வேண்டாம்னு சொல்றேன்ல. எனக்கு வழி கேட்டுக்கத் தெரியாதா.

ம்.

ம். சரி.

இந்தா அம்மிணி, போன். நல்லாப் பார்த்துக்க, ஈரம் ஒன்னும் படல. சன்னல்ல தூசு வருது, அதைச் சித்தெ சாத்து.

அவளா? பஸ் ஸ்டாண்டுக்கு வர்றாளாம். நான் வேண்டாம்னுதான் சொன்னேன், நீயே கேட்டியே. நான் சொல்றதை என்னைக்குக் கேட்டிருக்கா.

இல்ல, அந்த வார்த்தையெல்லாம் சொல்லல. மன்னிப்புன்னெல்லாம் வாயைத் திறந்து சொல்ற ஆளில்ல அவ. "வாங்க டீச்சர்"னா. ரெண்டு தடவை சொன்னா. அப்படின்னா தப்பை ஒத்துக்கிட்டான்னுதான அர்த்தம்?